சாட்சி இல்லாத பெயர்: அறிவிப்பாளர் வரலாறும் இன்றைய வேலை தேடலும்



காட்டாங்குளத்தூரில் மக்ரிப் தொழுகைக்குப் பின் நாம் நடத்தும் வகுப்புக்குச் சிறுவர்களோடு கல்லூரி மாணவர்கள் சிலரும் வருவதுண்டு. போத்தேரி, வண்டலூர்ப் பக்கமுள்ள கல்லூரிகளில் பயில்பவர்கள். சென்ற ஆண்டில் ஒருநாள், அவர்களுள் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் வகுப்பு முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். பின்னர் தம் கைபேசியை நம்மிடம் நீட்டினார். ஒரு நிறுவனத்திற்கு நள்ளிரவு தாண்டி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். நான்கு நிமிடத்தில் மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. அந்த நேரத்தில், அவ்வளவு விரைவில், எந்த மனிதரும் அதைப் படித்திருக்க இயலாது.

"ஹஜ்ரத், இதுவரை அறுபது இடத்துக்கு மேல் அனுப்பிவிட்டேன். பர்சனல் பிராண்ட் இல்லாமல் இனி வேலை கிடைக்காது என்கிறார்கள். லிங்க்ட்இன்னில் தினமும் எதையாவது எழுத வேண்டுமாம். எழுதித் தர ஏஐ இருக்கிறது. நான் செய்யாத புராஜெக்டைக்கூட செய்ததுபோல் அழகாக எழுதித் தருகிறது. அதைப் போடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பெயரில் உள்ள முஹம்மதை எடுத்துவிட்டு 'எம்.' என்று மட்டும் போட்டால் பாவமா?"

இவ்விரண்டு கேள்விகளுக்கும் நாம் அன்று உடனே விடை கூறவில்லை. நாம் பெற்றது இஸ்லாமியக் கல்வியில் ஒரு பட்டயம். கணினித் துறையின் நுணுக்கம் நாம் அறியாதது. எனினும், நேரில் காணாத ஒரு மனிதரை எவ்வாறு அறிவது, அவர் சொல்லை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. அதற்கென்றே ஒரு தனிக்கலையை நம் முன்னோர் வளர்த்தனர். அறிவிப்பாளர்களைப் பற்றிய 'இல்முர் ரிஜால்' என்னும் அக்கலையின் வரலாற்றிலிருந்து அந்த மாணவருக்கு நாம் பிறகு எடுத்துச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறோம்.

ஆள் யார் என்ற கேள்வி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஹதீஸ்கள் ஊர்விட்டு ஊர் பரவின. மதீனாவில் ஒருவர் கேட்டது கூஃபாவிலும், பஸராவிலும், குராசானிலும் சொல்லப்பட்டது. தொடக்கத்தில் சொல்பவர் யாரென எவரும் துருவிக் கேட்கவில்லை. உள்நாட்டுக் குழப்பங்கள் எழுந்து, தத்தம் கட்சிக்கு ஏற்பச் செய்திகளைப் புனைவோர் தோன்றிய பிறகே, "உமக்கு இதைச் சொன்னவர் யார்?" என்று கேட்கும் வழக்கம் உறுதிப்பட்டது. ஹிஜ்ரி 110இல் மறைந்த இப்னு சீரீன் (ரஹ்) அவர்கள் இம்மாற்றத்தைக் குறித்துப் பேசியிருக்கிறார்கள். பொய் பெருகியதால் விசாரணை பிறந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்று ஒரு பணியிடத்திற்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிவதும், அவற்றை வடிகட்ட மென்பொருள் வந்ததும் ஏறத்தாழ இதே போன்ற நெருக்கடியால்தான்.

அந்த விசாரணை வளர்ந்து நூல்களாயிற்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 194–256) 'அத்தாரீக் அல்கபீர்' என்னும் நூலில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்தார்கள். ஹிஜ்ரி 327இல் மறைந்த இப்னு அபீ ஹாத்திம் (ரஹ்) அவர்கள், குறை கூறலும் நற்சான்று வழங்கலும் என்ற பொருளிலேயே 'அல்ஜரஹ் வத்தஅதீல்' என நூல் எழுதினார்கள். பெயர், தந்தை பெயர், ஊர், யாரிடம் கற்றார், அவரிடம் கற்றவர் யார், அவரை அறிந்தவர்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பனவே இத்தகைய குறிப்புகளில் இருப்பவை. தன்விவரக் குறிப்பு என்றோ, ரெஸ்யூம் என்றோ இன்று நாம் சொல்லும் தாளோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். ரெஸ்யூமைத் தமக்குத் தாமே எழுதுகிறோம். ரிஜால் நூலில் உள்ளதோ பிறர் எழுதியது.

ஓர் அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று 'அதாலத்', அதாவது நேர்மை. மற்றொன்று 'ளப்த்', அதாவது கற்றதைப் பிசகாமல் காக்கும் திறன். நல்லவராயிருந்தும் மறதி மிகுந்தவரின் அறிவிப்பு தள்ளப்பட்டது. நினைவாற்றல் மிக்கவராயிருந்தும் பொய்யர் எனத் தெரிந்தவரின் அறிவிப்பும் தள்ளப்பட்டது. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, அவருடைய வலிமையையும் நம்பகத்தன்மையையும் சேர்த்தே குறிப்பிட்டதைத் திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அதே இரு தகுதிகள்தாம் இவை.

தன் வாயால் சொன்னது

தம்மைப் பற்றித் தாமே கூறும் புகழ் இக்கலையில் சான்றாகக் கொள்ளப்படவில்லை. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தமது தகுதிக்கு எழுபது அறிஞர்கள் சாட்சி கூறும்வரை ஃபத்வா வழங்க முன்வரவில்லை என அறிவிக்கப்படுகிறது. நெருங்கியவர்கள் ஒருவரையொருவர் புகழ்வதற்கும் அங்கே மதிப்பில்லை. இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனி (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையாரைப் பற்றி வினவப்பட்டபோது, அவர் அறிவிப்பில் பலவீனமானவர் என்றே உரைத்தார்கள். நீ என்னைப் பாராட்டினால் நான் உன்னைப் பாராட்டுகிறேன் என்று இணையத்தில் நண்பர்கள் நற்சான்றுகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் இக்காலத்தில், இந்நிகழ்வு நம்மைச் சற்றே கூச வைக்கிறது.

அப்படியானால் தன் தகுதியைத் தான் சொல்லவே கூடாதா? நம் மாணவரும் இதைக் கேட்டார். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்திய மன்னரிடம், தம்மைக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாக்கும்படி கேட்டு, தாம் காப்பவர், அறிந்தவர் எனக் கூறினார்களே என்று எடுத்துக்காட்டினார். நல்ல கேள்வி. ஆனால் அந்த வரலாற்றின் வரிசையைப் பார்க்க வேண்டும். கனவுக்கு அவர்கள் கூறிய விளக்கம் முதலில் மன்னரை எட்டியது. அடுத்து, அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி பொய்யென்று சம்பந்தப்பட்ட பெண்களே சாட்சி கூறினர். பின்னர் மன்னர் தாமே அவர்களை நம்பிக்கைக்குரியவராக அறிவித்தார். இவ்வளவும் நடந்த பிறகே தம் திறனைச் சொல்லிப் பொறுப்பைக் கேட்டார்கள். செயலும் சாட்சியும் முன்னே சென்றன. சொல் பின்னே வந்தது. தேவையான இடத்தில், உள்ள தகுதியை, உள்ள அளவில் சொல்வது பெருமையடித்தல் ஆகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக்கால வரலாறும் இதையே காட்டுகிறது. 'அல்அமீன்' என்பது மக்காவாசிகள் அவர்களுக்குச் சூட்டிய பெயர். அந்த நற்பெயரைக் கேள்வியுற்றே அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருள்களை ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். உடன் சென்ற பணியாளர் மைசரா திரும்பி வந்து தாம் கண்டதைக் கூறினார். கேள்விப்பட்ட பெயரும் கண்ணால் கண்ட சாட்சியும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

நம் தமிழகத்திலும் இம்மரபின் அடையாளம் ஒன்று உயிரோடிருக்கிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் தம் பெயருடன் 'பாகவி' எனச் சேர்த்துக்கொள்கிறார். லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் 'மன்பஈ' ஆகிறார். சென்னை ஜமாலியாவில் ஓதியவர் 'ஜமாலி' எனப்படுகிறார். ஓர் ஊரில் இமாம் தேவைப்பட்டால், ஜமாஅத்தார் அந்தப் பின்னொட்டைக் கொண்டே விசாரிக்கத் தொடங்குவர். அது ஆசிரியர்கள் முன்னிலையில் ஆண்டுக்கணக்கில் ஓதிப் பெற்றது. எவரும் தாமாகச் சூட்டிக்கொள்ள முடியாதது.

அறியப்படாதவர்

நற்சான்று பெற்றவர், குறை கூறப்பட்டவர் என்ற இரு பிரிவினருக்கும் நடுவே இன்னொரு பிரிவினர் இருந்தனர். அவர்களை 'மஜ்ஹூல்' என்பர். அறியப்படாதவர் என்பது பொருள். அவர் தீயவர் என்று எவரும் சொல்லவில்லை. நல்லவர் என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே அவருடைய அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஹிஜ்ரி 463இல் மறைந்த கத்தீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள், அறிவுத்துறையில் அறியப்பட்ட இருவரேனும் ஒருவரிடமிருந்து அறிவித்தால் அவர் யாரென்றே தெரியாத நிலை நீங்கும் என விளக்கினார்கள். எனினும் அந்த இருவர் அறிவித்ததனால் மட்டுமே நேர்மை நிலைநாட்டப்பட்டதாகாது என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

நம் மாணவரின் நிலை இதுவேயாகும். இத்தகைய மென்பொருள் விண்ணப்பத்திலிருந்து பட்டம், திறன், அனுபவம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. வேலை விளம்பரத்திலுள்ள சொற்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயிலில் அன்றாடம் இறங்கி ஏறும் ஆயிரமாயிரம் மாணவர்கள் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே மாதிரித் தாளை அனுப்பும்போது, அதன் முன் அனைவரும் மஜ்ஹூல்களே. நம் தந்தையர் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தனர். 1997இல் நௌக்ரி இணையதளம் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ், ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வணிகப் பெயராகக் கருத வேண்டும் என்று கட்டுரை எழுதியதும் அதே 1997இல்தான். 2003இல் லிங்க்ட்இன் திறக்கப்பட்டது. காத்திருந்த காலம் போய், தன்னைக் கடைவீதியில் வைக்கும் காலம் வந்தது.

இதில் நல்லதும் உண்டு. மஜ்ஹூலாகவே இருந்துவிடுவது பணிவாகாது. செய்த வேலையைப் பிறர் காணும் இடத்தில் வைப்பது, கற்றதை எழுதுவது, தெரிந்தவர் சாட்சி கூற வழி செய்வது ஆகிய மூன்றும் தக்க முயற்சிகளே. நாம் ரயிலில் கடந்து செல்லும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் எப்படி வந்தது? அங்கே இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் பதனிடப்பட்டது, ஆட்கள் வேலைக்கு வந்தனர், நாளடைவில் ஊரே அத்தொழிலின் பெயரால் அழைக்கப்பட்டது. தொழிற்சாலை மறைந்த பின்னும் பெயர் நிற்கிறது. ஆகவே நாம் மாணவரிடம், "தம்பி, பெயரைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீர் இதுவரை செய்த வேலை என்ன?" என்று கேட்டோம்.

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். மறைமலை நகரில் உள்ள ஒரு மருந்துக்கடைக்காக, காலாவதியாகும் மருந்துகளை முன்கூட்டியே காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டு மாதங்களாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பத்தில் அது இல்லை. ஏன் என்றோம். "அது சின்ன வேலை ஹஜ்ரத்" என்றார். செய்ததை மறைத்துவிட்டு, செய்யாததைச் சேர்க்கலாமா என்று நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

தத்லீஸ்

ஹதீஸ் கலையில் பொய்யுக்கு ஒரு படி கீழே மற்றொரு குற்றம் பேசப்படுகிறது. அதன் பெயர் 'தத்லீஸ்'. ஒருவர் தம் ஆசிரியரிடம் நேரடியாகக் கேளாத செய்தியைக் கேட்டதுபோல் தோன்றும்படி கூறுவது அது. "நான் கேட்டேன்" என்றால் பொய்யாகிவிடும். எனவே "இன்னாரிடமிருந்து" என்று பொருள்படும் 'அன்' என்ற சொல்லைப் போட்டுவிடுவார். கேட்பவர் நேரில் கேட்டதாகவே எண்ணிக்கொள்வார். சொல்லில் பொய்யில்லை, தோற்றத்தில் உண்டு. ஹிஜ்ரி 160இல் மறைந்த ஷுஅபா (ரஹ்) அவர்கள் இச்செயலை மிகக் கடுமையாக வெறுத்தார்கள். பின்வந்த அறிஞர்கள் ஒரு விதி வகுத்தனர்: தத்லீஸ் செய்யும் பழக்கமுடையவர் நம்பகமானவராயினும், "நான் கேட்டேன்" என்று அவர் வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவ்வறிவிப்பு ஏற்கப்படாது.

இன்றைய ரெஸ்யூம்களை நாம் சில படித்துப் பார்த்தோம். "இத்திட்டத்தில் பங்காற்றினேன்", "இப்பணியில் ஈடுபட்டேன்" என்ற தொடர்கள் நிறைந்திருக்கின்றன. இவையே இக்காலத்து 'அன்'. முழுவதையும் எழுதியவரும் இதையே சொல்லலாம். நண்பர் எழுதியபோது அருகில் அமர்ந்து தேநீர் அருந்தியவரும் சொல்லலாம். இதற்கும் ஒரு படி மேலே போய், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், மென்பொருள் மட்டும் படிக்கும்படி தகுதிச் சொற்களைப் புதைத்து வைப்போரும் உள்ளனர். செயற்கை நுண்ணறிவோ எவர் கேட்டாலும் அழகிய நடையில், தயக்கமின்றி எழுதித் தருகிறது. அதற்கு அதாலத் என்ற கேள்வியே இல்லை. தாளில் கையொப்பம் இடுபவருக்குத்தான் உண்டு.

உலகியல் கணக்கிலும் இது நிலைக்காது. இமாம் புகாரி அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றுடன் மாற்றிப் பொருத்தி, அவர்களைச் சோதித்தனர். ஒவ்வொன்றுக்கும், இதை நான் அறியேன் என்றே விடையளித்தார்கள். நூறும் முடிந்ததும் முதலாமவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் அதற்குரிய தொடருடன் சரிசெய்து கூறினார்கள். மென்பொருளைக் கடந்து சென்றாலும் ஒருநாள் மனிதர் ஒருவர் எதிரில் அமர்ந்து கேட்பார். அன்று எழுதித் தந்த இயந்திரம் அருகில் இராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடிந்தவரே, தெரிந்ததையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

காரணம் கூறாத மறுப்பு

இனி அந்த இரண்டாவது கேள்வி. நேர்மையாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த இளைஞரிடம் சொல்லியிருந்தால் நாம் தத்லீஸ் செய்தவராவோம். அவருடைய அச்சம் கற்பனையன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இரு ஆய்வாளர்கள், நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி ஓர் ஆய்வு நடத்தினர். 2007இல் அது வெளியாயிற்று. தகுதிகள் சமமாக இருந்தும், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே இருந்தன. அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவர்கள் மனிதர்கள்.

இயந்திரம் வந்தால் இது தீரும் என நம்பியோர் உண்டு. அமேசான் நிறுவனம் 2014இல் உருவாக்கத் தொடங்கிய ஒரு சோதனை மென்பொருளின் கதை 2018இல் வெளிவந்தது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆதலால் 'மகளிர்' என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களை அது தானாகவே தாழ்த்தியது. அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. முன்னவரின் பாரபட்சத்தைப் பாடமாக ஓதிய இயந்திரம் அதையே ஒப்பித்தது.

இங்கே நம் முன்னோர் வகுத்த மற்றொரு விதி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், ஒருவருக்கு நற்சான்று வழங்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் ஒருவரைக் குறை கூறித் தள்ளுவதானால் காரணத்தை விளக்கியே ஆக வேண்டும் என்ற கருத்தைச் சரியானதென எழுதினார்கள். ஒருவர் குறையெனக் கருதுவது உண்மையில் குறையாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? நான்கு நிமிடத்தில் வந்த அந்த மறுப்புக் கடிதம் காரணம் கூறாத ஜரஹ். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், ஆட்தேர்வுக்குப் பயன்படும் செயற்கை நுண்ணறிவை உயர் ஆபத்துப் பிரிவில் வைத்துள்ளது. நியூயார்க் நகரில் 2023 முதல் இத்தகைய கருவிகள் பாரபட்சத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். நம் நாட்டிலும் இதற்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்று கேட்பது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கையன்று. கிராமத்துப் பள்ளியில் படித்தவருக்கும், குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டு வேலையை நிறுத்திய பெண்ணுக்கும் உரிய கோரிக்கை அது.

பெயரைச் சுருக்குவது பற்றி, "நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதியுடையோம் அல்லோம்; பள்ளிவாசல் இமாமிடம் கேளும்" என்றோம். நம் எண்ணத்தையும் சொன்னோம். தலைப்பெழுத்து போடுவது தமிழ்நாட்டில் எல்லாரும் செய்வது, அது பொய்யாகாது. ஆனால் அந்தப் பெயரைக் கண்டு விலக்குகிறவர் இருந்தால், வெட்கம் அவருக்குரியது, உமக்கன்று. அந்த எண்ணத்தோடு எதைப் போட்டாலும் சரி. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். முழுப்பெயரையே வைத்துக்கொள்கிறேன் என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்.

இயந்திரம் எழுதித் தந்த இரண்டு புராஜெக்டுகளை நீக்கினார். மருந்துக்கடை வேலையைச் சேர்த்தார். "ஈடுபட்டேன்" என்பதை அடித்துவிட்டு, "நான் எழுதினேன், நான் சோதித்தேன், இந்தப் பகுதி எனக்கு வரவில்லை" என எழுதினார். மொழிப்பிழை திருத்த மட்டும் செயற்கை நுண்ணறிவை நாடினார். கடைக்காரரிடம் நான்கு வரியும், தம் பேராசிரியரிடம் நான்கு வரியும் நற்சான்று பெற்றார். இரண்டு சாட்சிகள்.

இதை எழுதும் இந்நாளில் அவருக்கு வேலை கிடைத்துவிடவில்லை. ஒரே ஓர் அழைப்பு வந்தது. நேர்முகத்தில் இருபது நிமிடம் மருந்துக்கடை நிரலைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அந்த இடம் வேறொருவருக்குச் சென்றது. ஆனால் தேர்வு செய்தவர் தொலைபேசியில் அழைத்து, தரவுத்தளத்தில் உமக்குப் பயிற்சி போதாது, அதைக் கற்றுக்கொண்டு ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பியும் என்று சொல்லியிருக்கிறார். காரணம் கூறிய மறுப்பு. இப்போது மக்ரிபுக்கு முன்பே வந்து, பள்ளிவாசல் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துத் தரவுத்தளம் பயின்றுகொண்டிருக்கிறார்.

நம் பிள்ளைகளின் உழைப்பு அறியப்படாமல் போகாதிருக்கவும், அவர்களுக்காக உண்மையான சாட்சிகளாய் நிற்க நம் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு அமையவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.